இனுலின் வேறு, இன்சுலின் வேறு

தென்னாப்பிரிக்காவில், நம் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். வயது 61, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். "சிக்கரியில் இன்சுலின் இருக்கிறது, குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. டீயை விட்டுவிட்டு நாளைக்கு நாலு தடவை சிக்கரி கலந்த டின் காப்பி குடிக்கிறேன். சர்க்கரை இறங்கவில்லை, ஏறித்தான் இருக்கிறது. வயிறும் உப்புசம். மாத்திரையைக் குறைக்கலாமா? வெருலத்தில் ஆடு வளர்க்கும் என் தம்பி, சிக்கரி விதைத்தால் ஆட்டுக்குக் குடற்புழு மருந்தே வேண்டாம் என்கிறான். உண்மையா?"

முதலில் மாத்திரை. அதைத் தொடாதீர்கள் அம்மா. கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் செய்ய வேண்டிய வேலை.

அந்த வாட்ஸ்அப் செய்தி தப்பாகப் போனது ஒரு பெயரில். சிக்கரிக் கிழங்கில் இருப்பது இனுலின். இன்சுலின் நம் கணையத்தில் சுரப்பது. இனுலினுக்குப் பெயர் வந்தது இனுலா என்ற செடியிலிருந்து. அதன் வேரில்தான் 1804-இல் இதை முதலில் கண்டார்கள். இன்சுலினுக்குப் பெயர் வந்தது தீவு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து. கணையத்தில் அது சுரக்கும் இடம் திட்டுத் திட்டாக இருப்பதால். பெயர் காதில் ஒன்றுபோல விழுகிறது, அவ்வளவுதான்.

இனுலின் ஒரு நார்ச்சத்து. நம் சிறுகுடலுக்கு அதைச் செரிக்கத் தெரியாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நல்ல கிருமிகளுக்கு இரையாகிறது. பச்சைக் கிழங்கில் 100 கிராமுக்கு 15 முதல் 20 கிராம் வரை இருக்கும். ஆராய்ச்சியில் உறுதியாக நிற்கும் பலன் மலச்சிக்கலுக்கானது: நாளைக்கு 12 கிராம் சிக்கரி இனுலின் எடுத்தால் மலம் சீராகப் போகும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஏற்றுக்கொண்டது. சர்க்கரை நோய் விஷயத்தில் அவ்வளவு உறுதி கிடையாது. ஜப்பானில் வறுத்த சிக்கரிச் சாற்றை 47 பேரை வைத்து நாலு வாரம் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் நோயில்லாதவர்கள். அதை வைத்து ஒரு நோயாளி மாத்திரையைக் குறைப்பது ஆபத்து.

இப்போது உங்கள் டின்னுக்கு வருவோம். நம் நாட்டுச் சிக்கரி பெரும்பாலும் கிழக்குக் கேப் மாகாணத்தில் அலெக்சாண்ட்ரியா பக்கம் விளைகிறது. கிழங்கைத் துண்டு போட்டு, உலர்த்தி, வறுத்து, அரைக்கிறார்கள். வறுக்கும் சூட்டில் இனுலினில் ஒரு பகுதி உடைந்து, கருகி, அந்த நிறமும் இனிப்புக் கசப்பும் வருகிறது. ஒரு டீஸ்பூன் டின் காப்பி சுமார் 2 கிராம். நாலு கப்புக்கு 8 கிராம். அது முழுக்க இனுலினாகவே இருந்தால்கூட 12 கிராமைத் தொடாது.

டின்னைத் திருப்பி, பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். சிக்கரி, காப்பி என்ற இரண்டோடு டெக்ஸ்ட்ரோஸ், டெக்ஸ்ட்ரின், மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் என்று ஏதாவது இருக்கிறதா? டெக்ஸ்ட்ரோஸ் என்பதே குளுக்கோஸ்தான். மற்ற இரண்டும் வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாக மாறும். நீங்கள் சீனி போடாமல் குடித்தாலும் டின்னே போட்டுவிடுகிறது. நாலு கப், அதோடு பாலும் சேர்ந்தால் சர்க்கரை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தால் ஒருநாள் குடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்த்து எழுதி வையுங்கள். நடுவில் வேறு எதுவும் சாப்பிட வேண்டாம். அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

சிக்கரியின் ருசி பிடித்திருந்தால் வேறெதுவும் கலக்காத சிக்கரிப் பொடி வாங்குங்கள். அதில் கஃபீன் இல்லை, ராத்திரி குடித்தாலும் அதனால் தூக்கம் கெடாது. சென்னையிலிருந்து யாராவது ஃபில்டர் காப்பிப் பொடி கொண்டுவந்தால், ஒரு கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து அதன்மேல் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். காப்பித் தூள் மிதக்கும். சிக்கரி பழுப்பு நூலாகக் கோடு விட்டுக்கொண்டே அடியில் இறங்கும். எனக்கு இன்றைக்கும் பார்க்கச் சலிக்காத காட்சி அது. இந்தியச் சட்டப்படி அந்தக் கலவையில் பாதிக்குமேல், அதாவது 51 சதவீதமாவது, காப்பி இருக்க வேண்டும்.

உப்புசத்துக்கும் இனுலின் காரணமாக இருக்கலாம். குடல் கிருமிகள் அதைத் தின்னும்போது வாயு உண்டாகும். மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டின் காப்பியை மட்டும் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பித்தப்பையில் கல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சிக்கரி மருந்து எடுக்கக் கூடாது. சாமந்தி மாலை கட்டினால் கை தடிக்கிறவர்களும் கவனமாக இருங்கள், சிக்கரி அதே குடும்பத்துச் செடி. நம் காசினிக் கீரையும் அதன் இனம்தான். சமைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம்.

அப்புறம் தம்பியின் ஆடு. அவர் சொல்வதில் பாதி உண்மை. 1985-இல் நியூசிலாந்தில் 'பூனா' என்ற தீவனச் சிக்கரி ரகம் வெளிவந்தது. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் புல் வாடும் காலத்திலும் இலை கொடுக்கும். டென்மார்க்கில் கன்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் நாலாவது இரைப்பையில் இருக்கும் புழு குறைந்தது, சிறுகுடல் புழு குறையவில்லை. இலைக்குக் கசப்பைத் தரும் பொருள்களே புழுவைத் தாக்குவதாகக் கருதுகிறார்கள். அதனால் நல்ல தீவனம் என்று விதைக்கட்டும், மருந்தை நிறுத்த வேண்டாம். எந்த ஆட்டுக்கு மருந்து வேண்டும் என்று பார்க்க நம் நாட்டிலேயே உருவான ஃபமாச்சா என்ற நிற அட்டை இருக்கிறது. ஆட்டின் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நல்ல சிவப்பு என்றால் விட்டுவிடலாம், வெளுத்திருந்தால் அன்றைக்கே மருந்து. சிக்கரி விதை ரொம்பச் சிறியது. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே புதைத்தால் முளைப்பது கஷ்டம், மேலாகத் தூவி மண்ணை மிதித்து விடச் சொல்லுங்கள்.