பால்கட்டுக்குக் கரியபோளம் பூசலாமா?

வன்னியில் பிள்ளை பெற்ற தாய்க்கு பால் கட்டி மார்பு சிவந்து வீங்கினால் கரியபோளப் பற்றுப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கற்றாழை மடலை வெட்டும்போது வடியும் மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக்கிய, கடுங்கசப்பான கருங்கட்டியே கரியபோளம். அதை நீரில் உரைத்து வீக்கத்தின்மேல் பூசுவது பழைய வழக்கம். ஆனால் அது பேதிச் சரக்கு. காம்பில் பட்டால் பச்சைக் குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும் என்பதால், காம்பையும் கருவட்டத்தையும் விட்டே பூசி, பாலூட்டுமுன் நன்றாகக் கழுவிவிட வேண்டும். வெடிப்போ புண்ணோ இருந்தால் கரியபோளமோ குங்கிலியப் பிசினோ எதையும் பூசச் சொல்லமாட்டேன். பால் தேங்குவதே பெரும்பாலும் பால்கட்டுக்குக் காரணம். தேங்கிய பாலைப் பற்று வெளியேற்றாது, பிள்ளை குடிப்பதுதான் வெளியேற்றும். ஆகவே நோகிற பக்கத்திலும் தொடர்ந்து பால் கொடுங்கள். காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, ஒரு நாளில் வலி தணியாவிட்டாலோ, கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீழ் கட்டிய பிறகு எந்தப் பற்றும் உதவாது.