அப்ரண்டிஸ் முடியப்போகிறது, டிசைனில் நிரந்தரம் ஆவது எப்படி?

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் ஒரு வருட அப்ரண்டிஸாக இருக்கிறேன். ஒன்பது மாதம் ஓடிவிட்டது. எச்.ஆரிடம் கேட்டால் 'பார்க்கலாம்' என்கிறார்கள். சாலிட்வொர்க்ஸ் நன்றாகத் தெரியும். பெர்மனென்ட் ஆக இன்னொரு சாஃப்ட்வேர் கோர்ஸ் சேரலாமா?

பதில்: முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி நீங்கள் அங்கே பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது. ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருந்தால்தான் உங்களுக்குப் பிடி. அதனால் இன்றைக்கே அந்தத் தாளை எடுத்து வரி விடாமல் படியுங்கள், கையெழுத்துப் போடுகிற அன்று யாரும் படிப்பதில்லை (நானும் படிக்கவில்லை). 1995-இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில், மற்றதெல்லாம் சமமாக இருந்தால் நேரடியாக வருகிறவரைவிடப் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் தனியார் கம்பெனி எச்.ஆர். மேஜையில் அதை எடுத்து வைத்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

சரி, கோர்ஸ் விஷயம். வேண்டாம். சாலிட்வொர்க்ஸில் கை ஓடுகிறவருக்கு கிரியோ, என்எக்ஸ் மாதிரி வேறு டிசைன் சாஃப்ட்வேர் ஒரு மாதப் பழக்கம், அவ்வளவுதான். அதற்குக் கட்டுகிற பணத்தில் ஒரு நல்ல டிஜிட்டல் வெர்னியர் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் டிராயிங்கின் வலது கீழ் மூலையில் டைட்டில் பிளாக் இருக்கிறதே, அதில் மூன்று கட்டங்கள்: டிரான், செக்டு, அப்ரூவ்டு. அப்ரண்டிஸின் பெயர் முதல் கட்டத்தில் வரும், வராமலும் போகும். இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போடுகிற சீனியர் உங்கள் டிராயிங்கைக் கையில் எடுக்கும்போது சிவப்புப் பேனாவைத் தேடுகிறாரா இல்லையா என்பதில்தான் உங்கள் வேலை இருக்கிறது. அவருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிற பையனை அவரே விடமாட்டார், மேனேஜரிடம் போய் 'இவன் இருக்கட்டும்' என்று சொல்வார். பெரும்பாலான இடங்களில் இப்படித்தான் ஆட்கள் உள்ளே போகிறார்கள்.

அதற்கு ஷாப்புக்கு, அதாவது மெஷினும் அசெம்பிளியும் நடக்கும் இடத்துக்கு, போகவேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒரு கவர் வரைந்தேன், சுற்றிலும் எட்டு எம்8 போல்ட், ஸ்கிரீனில் அவ்வளவு அழகு. காஸ்டிங் வந்து அசெம்பிளிக்குப் போனதும் ஃபிட்டர் அண்ணன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இரண்டு போல்ட் ரிப்புக்கு (பலத்துக்காக விடும் மேடு) ஒட்டினாற்போல் இருந்தது, 13-ஆம் நம்பர் ஸ்பேனர் உள்ளேயே நுழையவில்லை. "நீங்களே டைட் பண்ணிக் காட்டுங்க சார்" என்று ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். அன்றிலிருந்து போல்ட் வைக்கும் இடத்தில் எல்லாம் ஸ்பேனரையும் சேர்த்து வரைந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நீங்கள் வரைந்தது டர்னர் கையிலும் இன்ஸ்பெக்ஷன் மேஜையிலும் என்ன பாடு படுகிறது என்று வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பாருங்கள், எது திரும்பி வந்தது, ஏன் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது டாலரன்ஸ், அதாவது ஒரு அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு. பழைய டிராயிங்கிலிருந்து அப்படியே காப்பி அடிப்பதுதான் அப்ரண்டிஸ் வழக்கம், எல்லாரும் செய்ததுதான். ஆனால் ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும். 6305 பேரிங்குக்கு ஷாஃப்ட் 25 மி.மீ., கே6 (டாலரன்ஸ் குறியீடு) என்று போட்டிருக்கும். அப்படியென்றால் ஷாஃப்ட் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் வரவேண்டும். பேரிங்கின் துளையோ 25-ஐத் தாண்டாது. ஆக எப்படிப் பார்த்தாலும் இறுக்கமாகத்தான் உட்காரும். ஷாஃப்ட்டோடு உள் வளையம் சுற்றுவதால் தளர்வாக இருந்தால் வழுக்கி ஷாஃப்ட்டையே தேய்த்துவிடும், காரணம் அது. அதே சமயம் வேறு எந்தப் பாகத்தோடும் பொருந்தவேண்டாத ஒரு வெளி அளவுக்கு ±0.02 போட்டால் லேத்தில் முடியவேண்டிய ஜாப் கிரைண்டிங்குக்குப் போகும், காசு ஏறும். இந்த இரண்டையும் விளக்கிச் சொல்லத் தெரிந்த டிப்ளமோ பையன்கள் நான் எடுத்த இன்டர்வியூக்களில் ரொம்பக் குறைவு.

அப்புறம், கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். எச்.ஆரை விடுங்கள், உங்கள் டிசைன் மேனேஜரிடம் இந்த மாதமே நேராகக் கேளுங்கள்: "சார், நம்ம டிபார்ட்மென்டில் இந்த வருஷம் ஆள் எடுக்க இடம் இருக்கா, என்னைச் சேர்க்கணும்னா நான் எதைச் சரி பண்ணணும்?" இடம் இல்லை என்றாலும் அது இப்போதே தெரிவது நல்லது. இருக்கிறது என்றால் யாருடைய பேரோல் (சம்பளப் பட்டியல்) என்று கேளுங்கள். கம்பெனியா, கான்ட்ராக்டரா? பலர் 'வேலை கிடைச்சாச்சு' என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, முதல் சம்பளச் சீட்டில்தான் வேறு பெயரைப் பார்க்கிறார்கள். கான்ட்ராக்டர் பேரோலை வேண்டாம் என்று சொல்லவில்லை, தெரிந்து போங்கள் என்கிறேன். சட்டப்படியான அப்ரண்டிஸுக்கு பி.எஃப். பிடிக்கமாட்டார்கள், அதனால் பி.எஃப். யார் பெயரில் தொடங்குகிறது என்று பார்த்தாலே நீங்கள் யாருடைய ஆள் என்று தெரிந்துவிடும்.

இங்கே நடக்காமல் போகலாம், அதையும் யோசித்து வையுங்கள். நாட்ஸ் (மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்) போர்ட்டலில் பதிவான பயிற்சி என்றால் முடிந்ததும் சான்றிதழ் கையில் வந்ததா என்று பாருங்கள். தென்மாநிலங்களுக்கு அதைப் பார்ப்பது சென்னை தரமணியில் இருக்கும் தொழிற்பயிற்சி வாரியம். கம்பெனி டிராயிங்கை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போய்விடாதீர்கள். இன்டர்வியூவில் அதைக் காட்டினால், நாளைக்கு எங்கள் டிராயிங்கையும் இப்படித்தானே காட்டுவான் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார். பதிலாக ஒரு பழைய பெஞ்ச் வைஸைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் வெர்னியரில் அளந்து, மாடல், அசெம்பிளி, பாகங்களின் பட்டியல், டாலரன்ஸ் போட்ட டிராயிங் எல்லாம் நீங்களே செய்யுங்கள். மூன்று மாதத்துக்குத் தாராளமாக வேலை இருக்கிறது. பிரின்ட் எடுத்து ஃபைலில் போடும்முன் அந்த இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போடும் சீனியரிடம் ஒருமுறை காட்டுங்கள், சிவப்புப் பேனாவோடு.