கனடாவில் பாவித்த கேபிள் மோடம் கல்முனை வீட்டில் வேலை செய்யுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கல்முனை வீட்டில் நெட் மெதுவாக இருக்கிறது. டொரொன்டோவில் இருக்கும் மாமா பைபர் இணைப்புக்கு மாறிவிட்டார். அவர் சொந்தக் காசில் வாங்கிய டொக்சிஸ் 3.1 வகைக் கேபிள் மோடம் (கேபிள் டிவி வயரில் நெட் எடுக்கிற பெட்டி) சும்மா கிடக்கிறது. புது மோடம் போட்டால் வேகம் கூடும், லீவுக்கு வரும்போது கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார், கொண்டுவரச் சொல்லலாமா?

வேண்டாம் தம்பி. மோடம் நல்ல மோடமாகவே இருக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு வருகிற லைனில் அது வேலை செய்யாது. எங்கள் வீட்டில் இதே விஷயம் நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. சில வருடங்களுக்கு முன் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், ஒரு கேபிள் மோடத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். லண்டனில் இருக்கும் அக்காவின் பிள்ளையோடு அம்மா இரவில் கதைக்கிற வீடியோ கோல் நின்று நின்றுதான் வரும். பிள்ளையின் முகம் அப்படியே உறைந்து நிற்கும், அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அதைப் பார்த்துத்தான் அண்ணன் கொண்டுவந்தார். எங்கள் போன் வயரின் முனை மோடத்தில் பொருந்தவில்லை. டிஷ் அன்டெனாவில் இருந்து டிவிக்கு வரும் வயர் அச்சொட்டாகப் பொருந்தியது. திருகி மாட்டினோம். ஒரு லைட் மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. "மறுகா பார்ப்பம் மனே, படுங்க" என்று அம்மா சொல்லும்வரை அந்த லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த லைட் எதைத் தேடியது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. கேபிள் மோடம் கறண்ட் வந்ததும் கோஆக்சியல் வயரில், அதாவது டிவிக்கு வரும் தடித்த வட்ட வயரில், ஒவ்வொரு அலைவரிசையாகத் தடவி, கேபிள் கம்பனியின் சிக்னல் இருக்கிறதா என்று பார்க்கும். வயரின் மறுமுனையில் கம்பனியின் கருவி இருந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த மோடத்தின் இலக்கமும் கம்பனியிடம் பதிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் விடியும்வரை தேடிக்கொண்டுதான் இருக்கும். டிஷ் வயரும் கோஆக்சியல்தான், முனையும் ஒன்றுதான், ஆனால் அதன் மறுமுனையில் இருப்பது செய்மதியைப் பார்க்கிற டிஷ் மட்டுமே.

டொக்சிஸ் என்பது கேபிள் டிவி வயரில் இணையத்தை அனுப்புவதற்கான விதிமுறை. 2006இல் வந்த 3.0, பல சனல்களை (வயருக்குள் இருக்கும் அலைவரிசைத் துண்டுகளை) ஒன்றாகச் சேர்த்துப் பாவிக்க வழிசெய்தது. அமெரிக்கா, கனடா முறையில் ஒரு சனல் செக்கனுக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் தரும், எட்டைச் சேர்த்தால் 300. 2013இல் வந்த 3.1 அதையும் தாண்டி கிகாபிட் கணக்குக்குப் போனது. அங்கே கேபிள் இணைப்பு வைத்திருப்பவர் பழைய மோடத்தை மாற்றினால் வேகம் கூடுவது உண்மைதான். மாமா சொன்னதில் பிழை இல்லை.

ஆனால் நம் பக்கத்து வீடுகளுக்கு இணையம் வருவது வேறு வழிகளில். பழைய போன் லைனின் செப்புக் கம்பியில் வருவது ஏடிஎஸ்எல். கண்ணாடி இழையில் வருவது பைபர். இரண்டும் இல்லாத இடத்தில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர். உங்கள் வீட்டில் எது என்று முதலில் பாருங்கள். இரண்டு மெல்லிய செப்புக் கம்பி உள்ள வயர் வந்து சின்னச் சதுர முனையில் முடிந்தால் செம்பு. மெல்லிய வயர் ஒன்று, பெரும்பாலும் பச்சை முனையோடு, சின்னப் பெட்டிக்குள் போனால் பைபர். ஒவ்வொன்றுக்கும் அதற்கான மோடம்தான் வேண்டும். ஒன்றின் மோடத்தை மற்றதில் போட முடியாது.

எங்கள் வீட்டில் அப்போது இருந்தது செம்பு. ஏடிஎஸ்எல்லின் புதிய வகையிலேயே உச்ச வேகம் 24 மெகாபிட்தான். அதுவும் போன் கம்பனியின் எக்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தால். தூரம் கூடக் கூட அது இறங்கிக்கொண்டே போகும், நாலு ஐந்து கிலோமீற்றரில் சில மெகாபிட்தான் மிஞ்சும். எங்களுக்கு அதோடு மழைக்காலத்தில் லைன் அடிக்கடி அறுந்து அறுந்து வந்தது. லைன் பார்க்க வந்த தம்பி மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான அளவைக் காட்டினார். அது 6 டெசிபலுக்குக் கீழே போனால் லைன் நிற்காதாம். பிறகு வாசல் கூரைக்குக் கீழே வயர் இணைத்திருந்த இடத்தைப் பிரித்தார். உப்புக் காற்று பட்டுக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. வெட்டிப் புதிதாக இணைத்ததும் அன்றிரவே அம்மாவின் கோல் நிற்காமல் வந்தது. மோடம் அதே பழைய மோடம்தான்! கடற்கரைப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன்: மோடம் வாங்குவதற்கு முன் வயர் இணைத்த இடத்தைப் பாருங்கள்.

பிறகு பைபர் எடுத்தோம். அப்பவும் குசினியில் படம் ஓடவில்லை. இங்கேதான் பலர் கம்பனியோடு சண்டைக்குப் போகிறார்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். லப்டொப்பை லான் வயரால் நேரே ரவுட்டரில் மாட்டி வேகத்தைப் பாருங்கள். வயரில் முழு வேகமும் வந்து வைபையில் மட்டும் வராவிட்டால் பிரச்சினை உங்கள் வீட்டுக்குள்ளே. வயரிலேயே வராவிட்டால்தான் கம்பனிக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ரவுட்டர் டிவிக்குப் பின்னால், இரும்பு அலுமாரியோடு ஒட்டி இருந்தது. அதை எடுத்து விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவில், ஆள் உயரத்தில் வைத்தோம். பாதிப் பிரச்சினை அதோடு போனது.

மீதிப் பாதி அலைவரிசை. பழைய ரவுட்டர்களில் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும் இருக்கும். அது சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். வீடுகள் நெருக்கமான கல்முனை மாதிரி ஊரில் பக்கத்து வீடுகள் எல்லாம் அந்த மூன்றுக்குள்ளேயே இடிபடும். 5 கிகாஹேர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் கூட. ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். அதனால் இரண்டும் உள்ள ரவுட்டர்தான் நல்லது.

மாமா ஏதாவது கொண்டுவரத்தான் ஆசைப்படுகிறார் என்றால் அதைச் சொல்லுங்கள்: மோடம் இல்லாத, இரண்டு அலைவரிசையும் கிகாபிட் லான் துளைகளும் உள்ள வைபை ரவுட்டர். ஓர் இருபது மீற்றர் கட் 6 வகை லான் வயரும் சேர்த்து. கம்பனி தந்த பெட்டியில் இருந்து அந்த வயரை இழுத்து வீட்டின் பின்பக்கம் ரவுட்டரை வைக்கலாம். அதை அக்சஸ் பொயின்ட் முறையில், அதாவது வைபையை மட்டும் பரப்புகிற முறையில், போட்டுவிட்டால் இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்காது.

இதை மட்டும் மறக்க வேண்டாம். கனடாவில் கறண்ட் 120 வோல்ட், நமக்கு 230. அடப்டரில் 100-240 என்று எழுதியிருந்தால் பிளக் மாற்றி போட்டால் போதும். 120 மட்டும் எழுதியிருந்தால் மாட்டிய உடனேயே எரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் கறண்ட் பிளக்கைக் கழற்றுங்கள். செப்பு லைன் என்றால் போன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், மின்னல் அதன் வழியாகவும் வரும். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டு மோடம் அப்படித்தான் போனது.

மாமா பெட்டி கட்டத் தொடங்குவதற்கு முன் கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள். உங்கள் சுவரில் வந்து முடிகிற வயரை ஒரு படம் எடுத்துப் போட்டால் எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.