கூரையில தொங்குற சிவப்புக் குமிழ்

ஆகஸ்ட்ல அமெரிக்கா கிளம்புற தேவகோட்டைத் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணே, ஹாஸ்டல் ஒப்பந்தத்துல காரிடார்ல, ரூம்ல பந்து விளையாடக் கூடாதுன்னு போட்டிருக்கு. டென்னிஸ் பால்ல நாலு ஓவர் போட்டாக் கூடவா? சும்மா பேருக்குப் போட்ட ரூலா, நெசமாவே பிடிப்பாங்களா?"

பிடிப்பாங்க தம்பி. நானே மாட்டுனவன்தான்.

இப்ப லீவுக்கு வந்து பள்ளத்தூர் வீட்டு வளவுலதான் உக்காந்துருக்கேன். நாங்க கிரிக்கெட் பழகுனதே இங்கதான். தேக்குத் தூண்ல பட்டா ரெண்டு ரன். பெல்ஜியம் கண்ணாடிப் பக்கம் போச்சுன்னா பந்து அப்பத்தா மடிக்குப் போயிரும், ஆட்டம் குளோஸ். அந்தப் பழக்கம்தான், அங்கிட்டு நீளமா ஒரு காரிடாரைப் பாத்ததும் பிட்ச்சுன்னு தோணிருச்சு.

ஜனவரி மாசம், ராத்திரி பதினோரு மணி. நண்பன் தூக்கி அடிச்ச பந்து, தீப்பிடிச்சா தண்ணி தெளிக்கக் கூரையில வெச்சிருந்த ஸ்பிரிங்ளர்ல பட்டுச்சு. அதுல சுண்டுவிரலை விடச் சின்னதா ஒரு கண்ணாடிக் குமிழ், உள்ள சிவப்புத் திரவம். தீப்பிடிச்சு, சூடு 68 டிகிரி செல்சியஸைத் தொட்டா திரவம் விரிஞ்சு குமிழ் உடையும், தண்ணி கொட்டும். பந்து பட்டாலும் உடையும். அதுக்குத் தீயும் பந்தும் ஒண்ணுதான். சினிமால காட்டுற மாதிரி எல்லா ஸ்பிரிங்ளரும் சேந்து கொட்டாது. உடைஞ்சது மட்டும்தான். ஆனா அந்த ஒண்ணே நிமிஷத்துக்கு 60 லிட்டர் கிட்டக் கொட்டும், சில சமயம் அதுக்கு மேலயும், வால்வை மூடுற வரைக்கும் நிக்காது. இரும்புக் குழாய்ல வருஷக்கணக்கா தேங்குன தண்ணி, கறுப்பா, அப்படி ஒரு நாத்தம். நம்ம வளவுல அடைமழை பெஞ்சாலும் முற்றத்துல விழுந்து தூம்பு வழியா ஓடிரும். அங்க கார்ப்பெட்டு, கீழ்மாடிக்காரன் கட்டில், லேப்டாப்புன்னு போய் நிக்குது.

குழாய்ல தண்ணி ஓடுனாலே அலாரம் அடிக்கும். கட்டடம் மொத்தமும் பனியில. நான் லுங்கியும் ரப்பர் செருப்புமா நிக்கிறேன். பக்கத்துல ஒரு கொரியாக்காரப் பொண்ணு, மறுநாள் பரீட்சைக்கான புத்தகத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. அது என்னைப் பாத்த பார்வையை இன்னும் மறக்கலை.

நஷ்டத்தை எங்க ரெண்டு பேர் கணக்குல ஏத்திட்டாங்க. அதைக் கட்டாம அடுத்த செமஸ்டருக்குப் பதிய முடியலை. டைனிங் ஹால்ல ஆறு மாசம் தட்டுக் கழுவுன சம்பளம் அதுக்கே போச்சு. வீட்டுக்குச் சொல்லவே இல்ல. அப்பா இதைப் படிக்க மாட்டாருங்கிற தைரியத்துலதான் எழுதுறேன்.

விசா போயிருமோன்னு பயப்படாதீங்க. எச்சரிக்கை, அபராதத்தோட முடிஞ்சா எஃப்-1ங்கிற மாணவர் விசாவுக்குப் பொதுவா ஒண்ணும் ஆகாது. திரும்பத் திரும்ப மாட்டி, படிப்பையே நிறுத்தி வெச்சாங்கன்னாதான் வினை. மாடிக்கு ஒரு ஆர்.ஏ. (ரெசிடென்ட் அசிஸ்டென்ட், அந்த மாடியைப் பாத்துக்கிறவர்) இருப்பார், அவரும் மாணவர்தான். நம்ம ஊர் வார்டன் மாதிரி கத்த மாட்டார். சிரிச்சுக்கிட்டே எழுதி மேல அனுப்பிருவார். அந்தச் சிரிப்பை நம்பாதீங்க.

அப்புறம், ஈரத் துண்டை ஹேங்கர்ல மாட்டி அந்த ஸ்பிரிங்ளர்ல தொங்க விடாதீங்க. நம்ம பசங்க நிறையப் பேர் பண்றாங்க.

விளையாட ரெக் சென்டர்னு யுனிவர்சிட்டியோட விளையாட்டுக் கூடம் இருக்கு. அதுக்கான காசைப் பெரும்பாலும் ஃபீஸோடயே வாங்கிருவாங்க, போகலைன்னா நமக்குத்தான் நஷ்டம். வெயில் வந்துட்டா ஏதாவது ஒரு காலி பார்க்கிங்ல நம்மாளுக டேப் சுத்துன பந்தோட நிப்பாங்க. மட்டையை ஊர்ல இருந்தே கொண்டு போயிருங்க. கைப்பையோட விமானத்துக்குள்ள விட மாட்டாங்க, செக்-இன் பெட்டியில போடுங்க.