இரண்டாம் காலமும் மூன்றரைக் கட்டையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். எட்டு மாதமாகப் பாட்டு கற்றுக்கொள்கிறாள். சென்ற மாதம் இசைச் சொற்களுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். நோட்டில் நாற்பது சொற்கள், பக்கத்தில் விளக்கங்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கினாள். மறுநாள் வகுப்பில் ஆரம்பப் பாடமான “சரளி வரிசையை இரண்டாம் காலத்தில் பாடு” என்றதும், கையையும் சேர்த்து வேகவேகமாகத் தட்டிப் பாடியிருக்கிறாள். தப்பு என்று நிறுத்திவிட்டார்கள். “காலம் என்றால் வேகம்னுதானே நோட்டில இருக்கு?” என்று வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. எனக்கு இசை தெரியாது. இந்தச் சொற்களெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத் தேவைதானா? தேவை என்றால் தமிழ்ச் சொற்களாகவே சொல்லிக்கொடுக்கக் கூடாதா?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் மகள் மேல் தப்பில்லை. நோட்டில் இருக்கும் விளக்கம்தான் பாதியில் நின்றுவிட்டது. காலம் என்பது வேகம்தான். ஆனால் எதன் வேகம் என்று அது சொல்லவில்லை.

இன்று மாலை அவளை உட்காரவைத்து ஆதி தாளம் போடச் சொல்லுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. வீச்சு என்றால் உள்ளங்கை மேலே வரும்படி கையைத் திருப்புவது. மொத்தம் 8 எண்ணிக்கை. இது ஓர் ஆவர்த்தனம். நீங்களும் கூடவே போடுங்கள், இசை தெரியாதவர்களால் முடிகிற வேலைதான். இப்போது முதல் சரளி வரிசையை முதல் காலத்தில் பாடட்டும். எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம். மேலே ஏற ஓர் ஆவர்த்தனம், கீழே இறங்க இன்னோர் ஆவர்த்தனம். அடுத்து, கையின் சீர் துளியும் மாறாமல், எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம். ஏறி இறங்குவது முழுதும் ஒரே ஆவர்த்தனத்தில் முடிந்துவிடும். அதுதான் இரண்டாம் காலம். மூன்றாம் காலத்தில் எண்ணிக்கைக்கு நான்கு, ஓர் ஆவர்த்தனத்தில் 32 ஸ்வரம்.

ஓடுவது குரல், கை ஓடக் கூடாது. கை போகும் அந்தச் சீருக்குக் காலப்பிரமாணம் என்று பெயர். இரண்டு சொற்களையும் அடுத்தடுத்த வரியில் எழுதி மனப்பாடம் செய்தால் குழந்தைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். தட்டிப் பார்த்துவிட்டால் பிறகு ஒருநாளும் குழம்பாது.

சொற்கள் தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் தேவை. பாடிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் “எடுப்பு தள்ளிப்போச்சு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாளத்தில் பாட்டு தொடங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டோம் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். அந்தச் சொல் இல்லையென்றால் பாட்டை நிறுத்தி, பாடிக் காட்டி, விளக்கி, மறுபடி தொடங்க வேண்டும். நான் மறுப்பது சொற்களை அல்ல, கேட்பதற்கு முன்பே அவற்றை எழுதவைப்பதை.

சுருதி என்ற சொல்லை நானும் அப்படித்தான் கற்றேன். ‘பாடுவதற்கு ஆதாரமான ஒலி’ என்று ஒப்பிப்பேன். ஒருநாள் என் ஆசிரியர் தம்புராவை மடியில் வைத்து, நடுவில் இருக்கும் இரண்டு தந்திகளை மட்டும் மீட்டச் சொன்னார். இரண்டும் ஒரே ஸட்ஜம், அதாவது ‘ஸ’ பேச வேண்டியவை. ஆனால் ஒன்று கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒலி நேராக வராமல் வ்வோம், வ்வோம் என்று அலை அலையாக அடித்தது. அவர் தந்தியை முறுக்கும் பிருடையை மெல்லத் திருகத் திருக அலை நிதானமானது, பிறகு நீண்டது, ஒரு கட்டத்தில் காணாமலே போய்விட்டது. இரண்டு தந்தியும் ஒரே குரலாகின. “இப்போ சேர்ந்திருச்சு” என்றார். சுருதி சேர்வது என்றால் என்ன என்று யாரும் எனக்கு அப்புறம் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஒலிகளின் அதிர்வெண்ணில் எத்தனை வித்தியாசமோ, நொடிக்கு அத்தனை அலை. அந்தக் கணக்கைப் பல வருடம் கழித்துப் படித்தபோது, ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் படிப்பதுபோல் இருந்தது.

ஒரே சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறுவதையும் அவளுக்குச் சொல்லிவையுங்கள். பாடுகிறவர்கள் “உங்க ஸ்கேல் என்ன?” என்று கேட்டால் சுருதியைக் கேட்கிறார்கள். கீபோர்டு வகுப்பில் ஸ்கேல் என்றால் வரிசையாக ஏறி இறங்கும் ஸ்வரங்கள். சுருதிக்கே 22 நுண்சுருதிகள் என்று வேறொரு பொருளும் உண்டு, ஆனால் அது இந்த வயதில் வேண்டாம்.

கட்டை என்ற சொல்லை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பாடுகிறவர்கள் தங்கள் சுருதியைச் சொல்வது அதை வைத்துத்தான். ஒரு கீபோர்டின் முன்னால் அவளை நிறுத்துங்கள். ஸி என்ற வெள்ளைக் கட்டையிலிருந்து 1, 2, 3 என்று 7 வரை வெள்ளைக் கட்டைகளை எண்ணட்டும். நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள். ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. “மூன்றரை எங்கே?” என்று கேளுங்கள். தேடிப் பார்த்துவிட்டு, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டையே இல்லை என்று அவளே சொல்வாள். ஸ்வரங்களுக்கு இடையே இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை என்ற பெரிய விஷயம் அப்போது அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். ஐந்தாவது வெள்ளைக் கட்டை ஜி என்று சொல்லிவிட்டால், ஐந்தரைக் கட்டை என்று யாராவது சொல்லும்போது அது ஜிக்கு அடுத்த கறுப்புக் கட்டையான ஜி ஷார்ப் என்பதும் தானாகவே வந்துவிடும்.

தமிழ்ச் சொற்கள் பற்றி. ஏழு ஸ்வரங்களுக்குச் சிலப்பதிகாரத்தில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று அழகான பெயர்கள் இருக்கின்றன. அவளுக்குச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அவை பிடிக்கும். ஆனால் வகுப்பில் ஆசிரியர் எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதுவே முதலில் காதில் விழுந்து பழகட்டும். திருத்தம் அந்தச் சொல்லில்தான் வரும். இன்னொன்றையும் கவனித்தீர்களா? தட்டு, வீச்சு, எடுப்பு, கட்டை. கைக்கும் தொண்டைக்கும் மிக அருகில் இருக்கும் சொற்கள் ஏற்கெனவே தமிழாகத்தான் இருக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

நாற்பது சொல் நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் எங்கே, எந்தப் பாடத்தில் காதால் கேட்டாள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கேட்காத சொல்லுக்கு எதிரே காலியாகவே இருக்கட்டும். மூன்றாம் காலத்துக்கும் இப்போது அவசரம் வேண்டாம். கை ஓடாமல் இரண்டாம் காலம் ஒரு வாரம் நிற்கட்டும்.