காதில் போட ஹார்டுவேர் கடை ஸ்டீல் ஸ்க்ரூ போதாதா?

காதின் மேல் பக்கம் குத்தத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டைட்டானியம் தோட்டின் விலையைக் கேட்டு மலைத்திருப்பீர்கள், ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் தானே என்று தோன்றியிருக்கும். நான் டாக்டர் இல்லை. பெங்களூரு பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், அந்த ஸ்க்ரூவைப் பற்றித் தெரியும்.

எங்கள் பட்டறையில் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன், நல்ல கைவேலைக்காரன், இதையே செய்தான். ஊசியால் குத்தி, எம்3, அதாவது 3 மி.மீ. ஸ்க்ரூவை நுழைத்து, பின்னால் நட்டு. டெட்டாலில் ஊறவைத்தேன் என்று பெருமை வேறு. டெட்டாலுக்கு எல்லாக் கிருமியும் சாகாது, அதற்கு ஆட்டோகிளேவ் என்ற அழுத்தப் பாத்திரத்தில் 121 டிகிரி நீராவி 15 நிமிடமாவது வேண்டும். சில நாளில் ஹெல்மெட் மாட்ட முடியவில்லை. காது மினுமினுவென்று வீங்கி மடிப்பே தெரியவில்லை, நட்டு பாதி சதைக்குள் புதைந்திருந்தது. ஈ.என்.டி. டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் திருகிப் பார்த்தார், அசையவில்லை. ஸ்டீல் மரையும் ஸ்டீல் மரையும் சில சமயம் உரசி ஒட்டிக்கொள்ளும், பட்டறையில் எல்லோரும் பட்டது. மேலும் திருகினால் மரை விளிம்பு உள்ளே அறுக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்க்ரூ தலையை வெட்டித்தான் எடுத்தார்.

அங்கே இருப்பது குருத்தெலும்பு, அதற்கென்று ரத்தக் குழாய் கிடையாது, மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. சூடோமோனாஸ் மாதிரிக் கிருமி புகுந்து சீழ் பிடித்தால் குருத்தெலும்பே கரைந்துவிடும். லேத்தில் ஊற்றும் கூலண்ட் தண்ணீரில் செழித்து வளரும் கிருமி அது, எங்கள் கையில் எந்நேரமும் அந்தத் தண்ணீர்தான். அவன் காது மேலே இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது.

அப்புறம் அந்த ‘ஸ்டெயின்லெஸ்’. 304 என்ற ரகத்தில் 8 சதவீதமாவது நிக்கல், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிப்பு, நீர்வடிதல். உடம்புக்குள் வைக்கும் தரம் எஃப்138 ஸ்டீல், எஃப்136 டைட்டானியம். எஃப்138-லும் நிக்கல் உண்டே என்று ஒருவர் வருவார். உண்டு, எவ்வளவு கசிகிறது என்பதுதான் கணக்கு. சாதா ஸ்க்ரூவோ இரும்பின் மேல் ஜிங்க் முலாம். ஸ்டெயின்லெஸ் 304 என்று பில் போட்டு 202 என்ற மலிவு ரகத்தைக் கொடுக்கிற கடைகளும் உண்டு, காந்தம் வைத்தால் பொதுவாக இரண்டுமே ஒட்டாது, அதனால் அப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

பாட்டி பாம்படம் போட்டாளே என்பவர்களுக்கு: அது கீழ்ச் சதை, குருத்தெலும்பு இல்லை. முதலில் பஞ்சு, பிறகு குணுக்கு என்ற எடை என்று துளையை மெல்ல மெல்ல வளர்த்தார்கள்.

ஏற்கெனவே போட்டு வீங்கியிருந்தால் நீங்களே பிடுங்காதீர்கள், துளை மூடிச் சீழ் உள்ளேயே தங்கலாம். இன்றைக்கே ஈ.என்.டி.யைப் பாருங்கள். ஸ்க்ரூ என்ன அளவு, என்ன உலோகம் என்றும் சொல்லுங்கள், எதை வைத்து வெட்டுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.