டீச்சருக்கு என்ன கொடுக்கலாம்? விடுமுறைப் பரிசு: கேள்வி பதில்

பரிசே வாங்கக் கூடாது என்று பள்ளியில் விதி இருக்குமா?

பல பள்ளிகளில் உண்டு. சில இடங்களில் முழுத் தடை, சில இடங்களில் மதிப்புக்கு வரம்பு. வேறு சில இடங்களில் பொருள் கொடுக்கலாம், பணமும் கிஃப்ட் கார்டும் கூடாது. அரசுப் பள்ளி என்றால் அரசு ஊழியர் நடத்தை விதிகளும் சேர்ந்துகொள்ளும். பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். டீச்சரிடமே கேட்டால் அவர் "அதெல்லாம் எதுக்கு" என்றுதான் சொல்வார். அதில் உங்களுக்குப் பதில் கிடைக்காது. முழுத் தடை என்றால் நன்றிக் கடிதம் எழுதுங்கள், அதன் நகலைத் தலைமை ஆசிரியருக்கும் அனுப்புங்கள். வேலை மதிப்பீட்டு நேரத்தில் டீச்சருக்கு அது உதவும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒன்பது ஆசிரியர்கள். கட்டுப்படியாகாது. யாரை விடுவது?

யாரையும் விட வேண்டாம். வகுப்பாசிரியருக்குப் பரிசு, மற்றவர்களுக்குப் பிள்ளை கையால் எழுதிய வாழ்த்து அட்டை. ஒரே வகுப்பை இரண்டு பேர் நடத்தினால் மட்டும் இருவருக்கும் ஒரே மதிப்பில் கொடுங்கள். பெற்றோர் மறப்பது பெரும்பாலும் வேறு ஆட்களை: உதவி ஆசிரியர், நூலகர், வேன் ஓட்டுநர், ஆயா. மழலையர் வகுப்பில் நாள் முழுக்கப் பிள்ளையின் மூக்கைத் துடைப்பது ஆயாதான்.

வகுப்பே சேர்ந்து ஒரே பரிசாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். போன வருடம் இதில் மனஸ்தாபம் வந்தது.

யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று குழுவில் பட்டியல் போட்டால் மனஸ்தாபம் வரத்தான் செய்யும். பணம் ஒருவரிடம் மட்டும் போகட்டும், தொகை அவரோடு நிற்கட்டும். மூன்று வாரம் முன்பே ஆரம்பித்து, பணம் அனுப்ப ஒரு வாரம் கெடு வையுங்கள். செய்தி இப்படி இருந்தால் போதும்: "விருப்பமுள்ளவர்கள், முடிந்த தொகையை, இந்தத் தேதிக்குள். கொடுக்காவிட்டாலும் அட்டையில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கும்." அந்தக் கடைசி வரியை விடவே கூடாது. "தலைக்கு இவ்வளவு" என்று நிர்ணயித்தால் அது வசூல். வாங்கி முடித்ததும் மொத்த வரவையும் பில்லையும் மட்டும் குழுவில் போடுங்கள்.

கிஃப்ட் கார்டு கொடுத்தால் அக்கறையில்லாதது போல் இருக்காதா?

இருக்காது. விதி அனுமதித்தால் டீச்சருக்கு அதிகம் பயன்படுவது அதுதான். கடையில் வாங்கும்போது பில் போடும் இடத்திலேயே கார்டு ஆக்டிவேட் ஆனதா என்று பாருங்கள். ஆகாத கார்டு வெறும் பிளாஸ்டிக். ரகசிய பின் (PIN) எண்ணை மறைத்திருக்கும் பட்டை சுரண்டப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கார்டு வேலை செய்யாவிட்டால் அதுதான் ஆதாரம். மின்னஞ்சலில் வரும் கார்டு ஸ்பாமில் போய் விழலாம். அச்செடுத்து உறையில் போடுவது நல்லது.

காபிக் கோப்பை, வாசனை மெழுகுவர்த்தி, சென்ட்?

கோப்பை ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கும். வாசனைப் பொருள் சிலருக்குத் தலைவலி, சிலருக்கு மூச்சிரைப்பு. அளவு தெரியாமல் உடை வேண்டாம், சாமி படமும் வேண்டாம். நல்ல பேனாக்கள், ஒயிட்போர்டு மார்க்கர் என்று வகுப்புக்கு வாங்கித் தரலாம், ஆனால் அது வகுப்புக்கான பரிசு. அவருக்கென்று தனியாக ஏதாவது இருக்கட்டும்.

வீட்டில் செய்த பலகாரம்?

அவருக்கு ஒவ்வாமை, சர்க்கரை ஏதும் இல்லை என்று தெரிந்தால் மட்டும். செய்த தேதியையும் சேர்த்த பொருள்களையும் டப்பாவின் மேல் எழுதுங்கள். டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம் என்பதையும் எழுதுங்கள்.

ஆறு வயது மகன் "நன்றி மிஸ்" என்பதற்கு மேல் எழுத மாட்டேன் என்கிறான்.

எழுது என்றால் எழுத மாட்டான், பேச விடுங்கள். "மிஸ் எப்போ சிரிப்பாங்க?", "அடிக்கடி என்ன சொல்வாங்க?", "முன்னாடி தெரியாம இருந்து இப்போ உனக்கு என்ன தெரியும்?" என்று மூன்று கேள்வி போதும். அவன் சொன்னதை அப்படியே நீங்கள் எழுதுங்கள், கீழே அவன் பெயரெழுதிப் படம் வரையட்டும். "சத்தம் போட்டா மிஸ் கண்ணாடியக் கழட்டிப் பாப்பாங்க" என்று வந்தால் திருத்திவிடாதீர்கள், டீச்சர் எடுத்து வைப்பது அந்த வரியைத்தான். மெழுகு கிரேயானில் வரைந்ததைச் சூடான லேமினேஷனில் விட்டால் மெழுகு உருகி இழுபடும். கலர் பென்சில் என்றால் பிரச்சினையில்லை. பின்பக்கம் முழுப் பெயர், வகுப்பு, வருடம் கட்டாயம். ஒரே பெயரில் எத்தனை பிள்ளைகள் அவரிடம் படித்திருப்பார்கள்!

எப்போது கொடுப்பது?

கடைசி நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு. கடைசி நாள் வகுப்பில் ஒரே களேபரமாக இருக்கும், உறை எங்காவது போய்விடும். எல்லார் முன்னாலும் பிள்ளை கையில் கொடுத்தனுப்பாமல், பள்ளி விடும் நேரத்தில் நீங்களே கொடுங்கள். மதிப்பெண் பற்றி ஏதாவது முறையீடு நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை பரிசை வீட்டிலேயே வைத்திருங்கள்.

விடுமுறையே தொடங்கிவிட்டது, மறந்துவிட்டோம்.

பள்ளி திறந்த முதல் வாரம் கொடுங்கள். டீச்சரின் வீட்டு முகவரியைத் தேடிப்பிடித்துப் போய் நிற்க வேண்டாம்.